காற்றுப் புகாத வீடு கிளிநொச்சி வெக்கைக்குச் சரிவருமா?

வட்டக்கச்சி ரீச்சர் எழுதியது:

வீடு கட்டி அனுபவப்பட்டவர்களிடம் ஒரு கேள்வி. நீளமாகத்தான் எழுதுவேன். முப்பது வருடம் கரும்பலகையை நிரப்பிய கை, சுருக்கமாக எழுத மறுக்கிறது.

வட்டக்கச்சியில் எனக்கு அரை ஏக்கர் வளவு. இப்போது இருப்பது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு. சீமெந்துக் கல் சுவர், மேலே அஸ்பெஸ்ரஸ் சீற். ஓய்வூதியப் பணம் வந்திருக்கிறது; அதில் பின் வளவில் மூன்று அறையும் ஒரு விறாந்தையுமாகப் புதிதாக ஒன்று கட்ட நினைக்கிறேன். அம்மாவுக்கு 84 வயது. அவருக்கு இரவில் நித்திரை வர வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம்.

என் தம்பி கனடாவில், ரெஜைனா நகரத்தில் இருக்கிறான். அவன் வரைபடம் ஒன்று அனுப்பியிருக்கிறான். சுவர் ஓர் அடித் தடிப்பு, நடுவில் முழுக்க றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகை. தெற்குப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி. யன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, அதிகம் திறக்கத் தேவையில்லையாம். ஓட்டை, இடுக்கு எதுவும் இருக்கக்கூடாது. மூச்சு விடுவதற்கான காற்றை ஓர் இயந்திரம் கொண்டுவரும். அவனுடைய வீடு அப்படித்தான். வெளியே மறை 35 பாகை குளிரில், உள்ளே பனியனோடு இருந்து என்னோடு வீடியோவில் கதைக்கிறான். "அக்கா, வீட்டுக்குள் நாலு பேர் மூச்சு விட்டாலே பாதிச் சூடு வந்துவிடும்" என்று பெருமைப்படுகிறான்.

நாலு பேர் மூச்சு விட்டால் சூடாகிற வீடு வட்டக்கச்சியில் எதற்கு என்று கேட்டேன். "குளிரை மறிக்கிற சுவர் வெக்கையையும் மறிக்கும், பௌதிகம் ஒன்றுதான்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐஸ் பெட்டிக்குள்ளும் சூட்டுத் தண்ணீர்ப் போத்தலுக்குள்ளும் இருப்பது ஒரே விடயம்தானே.

ஆனால் காற்றுப் புகாத இடத்தில் நான் ஏற்கெனவே குடியிருந்திருக்கிறேன். 2009 இல் செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள். நண்பகலில் அதற்குள் இருக்க முடியாமல் அம்மாவை எதிரே நின்ற ஒற்றை மரத்தின் நிழலுக்குக் கூட்டிப்போவேன். நிழல் நகர நகர நாங்களும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வோம். அந்த ஞாபகம் உள்ளவளிடம் "இடுக்கு எல்லாவற்றையும் அடை" என்று சொன்னால் கை நடுங்காதா?

சும்மா பயப்படாமல் அளந்தும் பார்த்தேன். பாடசாலை விஞ்ஞான கூடத்தில் கேட்டு வாங்கிய வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன், சுவரில் தொடாமல். சென்ற வியாழன் பிற்பகல் 2 மணி: மாமர நிழலில் 34, என் அறைக்குள் 37, பழைய மண்சுவர், பனையோலைக் குசினிக்குள் 32. இரவு 9 மணி: வெளியே 28, அறைக்குள் 33. இந்தக் கடைசி இலக்கம்தான் என்னை உறுத்துகிறது. வெளியே குளிர்ந்துவிட்டது, வீடு மட்டும் குளிரவில்லை. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் இரவு 10 மணிக்கும் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

தம்பியின் வீட்டை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? அல்லது அதில் எடுக்கக்கூடியது எது, விடக்கூடியது எது? வளவுக்குக் கிழக்கே றோட்டு. வீட்டின் நீளப் பக்கத்தை றோட்டைப் பார்த்து வைக்கத் திட்டம். மின்சாரம் இருக்கிறது. குளிரூட்டி இப்போது இல்லை. அம்மாவின் அறைக்கு மட்டும் பிறகு பூட்டலாம்.

---

மாங்குளம் சிவம் எழுதியது:

பாம்பும் நுளம்பும் வராது என்று உங்கள் தம்பி எழுதித் தருவாரானால் நான் நாளைக்கே அத்திவாரம் வெட்டுகிறேன்.

ஒன்று மட்டும் முக்கியமாகக் கேட்கிறேன்: புது வீட்டில் குசினி விறகா, காஸா? விறகடுப்பு என்றால் காற்றுப் புகாத வீட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது. கரியமில வாயு வேறு, காபனோரொட்சைட்டு வேறு; இரண்டாவது ஆளைக் கொல்லும் நஞ்சு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ரீச்சர்.

---

முள்ளியவளை மேசன் எழுதியது:

ரீச்சர், 26 வருடமாகக் கல் வைக்கிறேன். கனடாவில் வைத்ததில்லை.

முதலில் ஒரு கதை. புதுக்குடியிருப்புப் பக்கம் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடு ஒன்றுக்குப் பூச்சு வேலை செய்தேன். எல்லா யன்னலும் நகர்த்துகிற அலுமினியம், பாதி திறக்காத கண்ணாடி. யன்னலுக்கு மேலே வழமையாக வைக்கிற காற்றுத் துவாரக் கல்லை "அசிங்கம்" என்று அடைக்கச் சொன்னார்கள், அடைத்தேன். ஆறு குளிரூட்டி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அந்த வருட மாரியில் அலுமாரிக்குள் இருந்த கோட்டுச் சூட்டு எல்லாம் பச்சைப் பூஞ்சணம். அடைத்த ஆறு துவாரத்தையும் நானே திரும்ப உடைத்தேன். இரண்டுக்கும் கூலி வாங்கினேன், அது வேறு விடயம்.

இந்த மண்ணில் வெக்கை என்றால் சனம் விளையாட்டாக எடுக்காது. 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று ஒரு பேச்சு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் செலவும் இருந்தது, இந்த வெயிலில் அதற்குள் மனிதர் இருப்பதா என்ற கேள்வியும் இருந்தது.

இனி உங்கள் வீடு. உங்கள் பிரச்சினை சுவர் இடுக்கு அல்ல. கூரையும் மேற்குச் சுவரும்.

நீளப் பக்கத்தை றோட்டுக்குக் காட்டினால் ஒரு நீளச் சுவர் காலை வெயிலையும் மற்ற நீளச் சுவர் மாலை வெயிலையும் குடிக்கும். வீட்டைத் திருப்புங்கள். குறுகிய பக்கம் கிழக்கும் மேற்கும், நீளப் பக்கம் வடக்கும் தெற்கும். வாசல் கிழக்கே வேண்டும் என்றால் குறுகிய பக்கத்திலும் வாசல் வைக்கலாம். மனையடி சாஸ்திரக்காரருக்கும் சமாதானம். மேற்கு முனையில் படுக்கை அறை வைக்காதீர்கள். குளியலறை, களஞ்சிய அறை, நெல் மூட்டை, எதுவானாலும் அங்கே போகட்டும். வெயிலை அவை தாங்கட்டும்.

தெற்கே ஆளுயரக் கண்ணாடி வேண்டாம். சோளகம் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கில் இருந்துதான் அடிக்கிறது. பளையில் மின்சாரக் காற்றாடிகளை நட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் காற்றுக்குத் தெற்குச் சுவரில் திறக்கிற யன்னல், அது வெளியேற வடக்குச் சுவரில் நேரெதிரே இன்னொரு யன்னல். போக வழியில்லாத காற்று வரவும் வராது.

கூரைக்கு என்னைக் கேட்டால் ஓடு. காசு போதாமல் சீற்றுத்தான் என்றால் கீழே அலுமினியத் தாள் விரிக்கலாம். ஆனால் பத்தில் எட்டு இடத்தில் பிழையாகத்தான் விரிக்கிறார்கள். பளபளப்பான பக்கம் மேலே பார்த்தால் ஒரு கோடையில் தூசி படிந்து வேலை முடிந்துவிடும். பளபளப்பு கீழே பார்க்க வேண்டும், அதற்கும் சீலிங்குக்கும் இடையில் வெற்றிடம் வேண்டும், அந்த வெற்றிடத்துக் காற்று முகட்டால் வெளியேற வழி வேண்டும். சீலிங்கில் ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இப்போதிருக்கும் வீட்டுக்கு இந்தக் கோடைக்கே செய்யக்கூடியது: சீற்றுக்கு மேலே சுண்ணாம்பும் பசையும் கலந்து இரண்டு தடவை வெள்ளை. ஒரு நாள் வேலை. அஸ்பெஸ்ரஸ் ஆனபடியால் காய்ந்த சீற்றைச் சுரண்டவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ யாரையும் விடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு நஞ்சு. தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவினால் போதும். சீற்றில் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள்.

---

டாம்ஸ்ரட் குமரன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பிறந்தது விசுவமடு. ஜேர்மனியில் இந்த மாதிரி வீடுகளுக்குக் காற்றோட்டக் குழாய் பூட்டுவதுதான் 14 வருடமாக என் தொழில். இருப்பதும் டாம்ஸ்ரட் நகரத்தில். இவற்றைப் பாஸிவ் வீடு என்பார்கள். அப்படியான முதல் வீடுகளில் 1991 இல் ஆட்கள் குடிபுகுந்த கிரானிக்ஸ்ரைன் பகுதி இங்கேதான், சைக்கிளில் போகிற தூரம். வொல்ஃப்காங் ஃபைஸ்ற் என்ற பௌதிகவியலாளரின் நான்கு வீட்டு வரிசை அது. உங்கள் தம்பி இருக்கும் ரெஜைனாவுக்கு அதைவிட மூத்த உரிமை உண்டு. 1977 இல் அங்கே ஓர் ஆராய்ச்சி வீடு கட்டினார்கள்: ஓர் அடிச் சுவர், காற்றுப் புகாத உறை, வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்குக் கொடுக்கும் பெட்டி. கூரையில் விலை உயர்ந்த சூரிய வெப்பக் குழாய்களும் இருந்தன. பின்வந்தவர்கள் அந்தக் குழாய்களை விட்டுவிட்டு, சுவரையும் உறையையும் பெட்டியையும்தான் பின்பற்றினார்கள்.

தம்பி சொன்னது அவருடைய ஊருக்கு அப்பழுக்கற்ற உண்மை. பாஸிவ் வீட்டுக்கு இங்குள்ள அளவுகோல், ஒரு சதுர மீற்றருக்கு வருடத்துக்கு 15 கிலோவாட் மணியைத் தாண்டிச் சூடாக்கச் செலவாகக்கூடாது. 100 சதுர மீற்றர் வீட்டுக்கு ஏறத்தாழ 150 லீற்றர் எண்ணெய்தான், முழுக் குளிர்காலத்துக்கும். இடுக்கைச் சோதிக்க வாசலில் பெரிய விசிறி பூட்டி 50 பஸ்கால் அழுத்தம் கொடுப்போம். உங்கள் பாடத்தில் சொன்னால் 5 மில்லிமீற்றர் நீர் நிரல். அந்த அழுத்தத்தில் மணிக்கு வீட்டுக் காற்றின் 0.6 பங்குக்கு மேல் கசிந்தால் தோல்வி. ஒரு தடவை யன்னல் சட்டத்துக்குப் பின்னால் தச்சர் மறந்த விரல் அகல இடைவெளி ஒன்றைத் தேடி அரை நாள் முழங்காலில் தவழ்ந்திருக்கிறேன்.

ஆனால் இதே அளவுகோலில் கோடைக்கும் ஒரு வரி இருக்கிறது. வருடத்தின் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே 25 பாகையைத் தாண்டக்கூடாது. வட்டக்கச்சியில் பகல் முழுவதும் வெளியே 25 பாகைக்குக் கீழே நிற்கிற நாட்களை நீங்களே விரல்விட்டுச் சொல்வீர்கள். கேள்வியே வேறு என்று அங்கே தெரிந்துவிடுகிறது. இங்கேயே, நான் குடிபுகுந்த முதல் ஆடி மாதம், வெளித் திரையை இறக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். தெற்குக் கண்ணாடியால் வந்த வெயில் வெளியேற வழியில்லாமல் நடுச்சாமம் வரை 29 பாகை. மனைவி மூன்று நாள் கதைக்கவில்லை.

தெற்குக் கண்ணாடி விடயத்தை உங்கள் பாடசாலைக் கொடிக்கம்பமே தீர்த்துவிடும். ரெஜைனாவில் மார்கழி நடுப்பகல் சூரியன் 16 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெயில் கண்ணாடிக்குள்ளால் அறையின் அடிச்சுவர் வரை நீளும். அங்கே அது வரம். கிளிநொச்சியில் அதே மார்கழியில் 57 பாகை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி 12.10 அளவில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. ஆனி மாதத்தில் நிழல் தெற்கே விழும், ஏனென்றால் சூரியன் வடக்கே போய்விட்டது. ஆகவே உங்களுக்கு வடக்கும் தெற்கும் நிழல் கொடுக்க எளிதான பக்கங்கள். மூன்று அடித் தாழ்வாரம் மார்கழி நண்பகலிலும் தெற்குச் சுவரில் நாலரை அடிக்கு நிழல் விழுத்தும். மேற்கே எவ்வளவு தாழ்வாரம் இறக்கினாலும் மாலை 4 மணி வெயில் அதற்குக் கீழால் வரும். மேசன் அண்ணா வீட்டைத் திருப்பச் சொன்னது இதனால்தான். அவர் கணக்குப் போடாமல் சொன்னதை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி உறைக்கு வருவோம். இங்கே மாசியில் வெளியே மறை 10, உள்ளே 20: வித்தியாசம் 30 பாகை. குளிரூட்டி இல்லாத உங்கள் வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் அப்படி வித்தியாசமே இல்லை. இரவில் உங்கள் வெப்பமானி காட்டியபடி உள்ளேதான் சூடு. சூட்டை வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவது தறப்பாள் கூடாரம்தான். நீங்கள் பயந்தது சரி.

ஒரே ஒரு இடத்தில் தம்பியின் பக்கம் நிற்கிறேன்: அம்மாவின் அறை. அதற்குக் குளிரூட்டி பூட்டினால் அந்த அறை மட்டும் கனடாவாக வேண்டும். காரணம் வெப்பத்தைவிட ஈரம். பத்து அடிக்குப் பத்து அடி, உயரமும் பத்து அடி என்றால் 28 கன மீற்றர் காற்று. வெளியே 30 பாகை, 80 வீத ஈரப்பதன். உள்ளே 26 பாகை, 55 வீதம். அந்த அறையின் காற்று ஒரு முறை முழுதாக மாறினால் 300 கிராம் தண்ணீர் நீராவியாக உள்ளே வரும். இடுக்கும் துவாரமுமாக மணிக்கு நான்கு முறை மாறுகிறது என்று வையுங்கள்: மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல். அதை ஒடுக்கித் தண்ணீராக்கவே ஏறத்தாழ 0.8 கிலோவாட் மணிக் குளிர்ச்சி செலவாகும். சந்தையில் வாங்கும் 9,000 பீரீயூ குளிரூட்டிப் பெட்டியின் முழு வலு 2.6 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு காற்றைப் பிழிவதற்கே போகிறது. குழாயால் வெளியே சொட்டுகிறதே, அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வைகாசி மாதக் காற்று.

முழுவதும் அடைக்கவும் கூடாது. ஓர் ஆளுக்கு மணிக்கு 30 கன மீற்றர் புதுக் காற்று என்று நாங்கள் கணக்கு வைப்போம். அம்மாவும் நீங்களும் படுத்தால் அறைக் காற்று மணிக்கு இரண்டு முறை மாற வேண்டும். ஆகவே கசிவைப் பாதியாக்குவதுதான் வேலை. கதவின் அடி, யன்னல் சட்டம், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வாய் ஆகியவற்றை அடைத்துவிட்டு, மூடித் திறக்கக்கூடிய ஒரு துவாரத்தை வையுங்கள். றெஜிபோம் வாங்கும் காசு முழுவதையும் அந்த அறையின் சீலிங்குக்கு மேலே போடுங்கள். மின்சாரம் போனால் திறக்க இரண்டு நல்ல யன்னல் கட்டாயம்.

---

மாங்குளம் சிவம் எழுதியது:

நுளம்புக்கு வலை அடித்தால் காற்று குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எங்கள் வீட்டில் யன்னலைக் கொஞ்சம் பெரிதாக வைத்துத்தான் ஈடுகட்டினோம்.

---

வட்டக்கச்சி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பது பஸ்கால் விசிறி என்னிடம் இல்லை. சாமி அறையில் இருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, யன்னல் எல்லாம் சாத்தி, அறையைச் சுற்றி நடந்தேன். யன்னல் சட்டத்தில் புகை நேராகவே எழுந்தது. கதவடியில் மெதுவாகச் சாய்ந்தது. கதிரையில் ஏறிச் சுவருக்கும் சீற்றுக்கும் இடையில் நீட்டினேன்: புகை ஒரு கணம் தயங்கி, பிறகு நெளிவுக் குழிக்குள் நூலாக இழுபட்டு வெளியே ஓடியது. அம்மா கட்டிலில் இருந்து, "கூரைக்கும் தீபம் காட்டுகிறாயா பிள்ளை?" என்று கேட்டார். அந்த வாயை நான் அடைக்கவில்லை. அந்த அறையில் உள்ள ஒரே நல்ல விடயம் அதுதான் என்று இப்போது புரிகிறது.

சீற்றுக்கு வெள்ளை அடித்தாயிற்று. மருமகன் முறையான பையன் ஒருவன் பலகை போட்டு ஏறினான். அடுத்த வியாழன் பிற்பகல் 2 மணிக்கு, மர நிழலில் அதே 34, அறைக்குள் 35. சுண்ணாம்புக்கும் பசைக்கும் தூரிகைக்கும் ஆன செலவு, தம்பியின் வரைபடத்திலுள்ள ஒரு கண்ணாடியின் காலுக்கும் காணாது. இரவு 9 மணிக்கு இன்னும் 31 இருக்கிறது. அது மேற்குச் சுவரின் வேலை. அந்தப் பக்கம் இப்போதைக்கு நாலு கிடுகைச் சாய்த்துக் கட்டியிருக்கிறேன். பார்க்க அழகில்லை. றோட்டுக்குத் தெரியாது.

வரைபடத்தைத் திருப்பிவிட்டேன். தம்பியோடு இரண்டு மணித்தியாலம் வாக்குவாதம். தெற்குக் கண்ணாடிக்கு அவன் அழாக்குறை. கொடிக்கம்பத்து நிழலை ஆனியில் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றேன். "தெற்கே விழுந்தால் ஒத்துக்கொள்கிறேன்" என்றான். பத்து வருடம் இரணைமடுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது மறந்துவிட்டது. அம்மாவின் அறைச் சீலிங்குக்கு மட்டும் ஆறு அங்குல றெஜிபோம். அதற்கு அவன் காசு அனுப்புகிறான். குசினி தனியாக, பனையோலையோடு, இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

கடைசியாக மேசன் தம்பியிடம் ஒன்று: மேற்கே ஒரு வேம்பு வைக்க ஆசை. அத்திவாரத்தில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

---

முள்ளியவளை மேசன் எழுதியது:

இருபது அடி தள்ளி வையுங்கள் ரீச்சர். கன்றாக வைக்காமல் ஆளுயர மரமாகக் கிடைத்தால் மாரி தொடங்க முன் வையுங்கள். அதுவரைக்கும் அந்தக் கிடுகைக் கழற்ற வேண்டாம்.